ஆட்டத்தை ஆக்குகிறவர்களின் சபையில்

சென்னையில் கூடிய வீடியோ கேம் படைப்பாளர்களின் மாநாட்டுக்கு, அத்துறையோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத கீழப்பாவூர்க்காரர் ஒருவர் சென்று வந்து எழுதும் சிறப்புக் கட்டுரை

நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர், தமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு கருவியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, எதிரே இருந்த திரையில் ஒரு குளத்தின் மடையைத் திறக்கப் பிரயத்தனம் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, இருபத்து நான்கு பிராயம் மதிக்கத்தக்க ஓர் இளைஞர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மடைக்குரிய பொத்தானை விட்டுவிட்டுப் பெரியவர் வேறு எதையெதையோ அழுத்த, திரையில் தலைமடைக்காரரின் வயல் வெள்ளத்தில் மூழ்கிற்று. கடைமடைக்காரரின் பயிர் பழுக்கத் தொடங்கிற்று. இளைஞரின் உதடுகள் ஒருமுறை பிரிந்து மறுபடியும் மூடிக்கொண்டன. அவர் ஒன்றும் சொல்லவில்லை; கையிலிருந்த சிறு நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

பெரியவர் எழுந்து போனபின், "எந்தப் பொத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றேன்.

"சொல்லக்கூடாது அண்ணாச்சி. நாளைக்கு இத வாங்கி வீட்ல வச்சு விளையாடுதவங்க பக்கத்துல நான் போயி நிக்க முடியுமா? அவரு எந்த எடத்துல தடுமாறுதாரோ, அந்த எடத்துலதான் என் தப்பு இருக்கு."

பேச்சு காதில் விழுந்ததும் ஊரை விசாரித்தேன். ஆலங்குளத்துக்கு அருகே ஒரு கிராமம் என்றார். கம்பெனி என்று இன்னும் ஒன்றும் இல்லை. கூட இரண்டு சிநேகிதர்கள், பகலில் வேறு உத்தியோகம், இரவில் இந்த வேலை. குளம், மடை, வரப்பு, தண்ணீர் முறை வைப்பதில் எழும் சச்சரவு, அதைத் தீர்த்துவைக்கும் பஞ்சாயத்து ஆகிய இவற்றைக் கொண்டு அவர்கள் அமைத்துவரும் அந்த கேமுக்குப் பெயர்கூட இன்னும் சூட்டவில்லை.

எழுத்தை ஜீவனமாகக் கொண்டவன் நான். என் கட்டுரையை வாசகர் எந்த வரியில் சலித்து மூடி வைக்கிறார் என்பதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. தன் சிருஷ்டி அந்நியர் கையில் தடுமாறுவதை, வாய் திறவாமல், முகம் கோணாமல், பக்கத்திலேயே நின்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் இந்த விரதத்தைக் கண்டபோது, பிள்ளைகளின் பொழுதைப் பாழாக்கும் விஷயம் என்று மட்டுமே நாம் அறிந்திருந்த ஒன்றின் பின்னால் எத்துணை சிரத்தை இருக்கிறது என்பது எனக்கு விளங்கத் தொடங்கிற்று.

தென்காசியிலிருந்து நந்தம்பாக்கத்துக்கு

தென்காசி அருகே எங்கள் கீழப்பாவூரிலும் அதை ஒட்டிய பாவூர்சத்திரத்திலும் மாலை வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மார்களையும், அவர்கள் பக்கத்திலேயே தலைகுனிந்து கைப்பேசிச் சண்டையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைகளையும் காணலாம். 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை மத்திய அரசு தடை செய்ததிலிருந்து, கேம் என்னும் பேச்சு டீக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஓயவில்லை. அந்தச் சமயத்திலேதான், பல ஆண்டுகளாக ஹைதராபாத்தில் நடந்து வந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு, நவம்பர் தொடக்கத்தில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கூடவிருக்கிறது என்ற செய்தி வந்தது. பத்திரிகை ஆசிரியர் என்னைப் போய்வரச் சொன்னார்.

பொதிகை ரயிலைப் பிடிக்கப் புறப்படும் தறுவாயில் எதிர்வீட்டு அம்மாள் கேட்ட கேள்வி, ஆசிரியர் எழுதிக்கொடுத்த கேள்விகள் யாவற்றையும்விட எனக்கு உபயோகப்பட்டது. "அண்ணாச்சி, இந்த கேமெல்லாம் செய்யுததுக்குன்னு ஆளுக இருக்காவளா? அவியளுக்குச் சம்பளம் யாரு குடுக்கா?"

இத்தகைய மாநாடுகளின் பூர்வ கதை சிறியது. கிறிஸ் கிராஃபோர்டு என்ற அமெரிக்க கேம் படைப்பாளர், 1988-இல் கலிபோர்னியாவின் சான் ஹோஸே நகரில் உள்ள தம் வீட்டு முன்கூடத்தில், சக படைப்பாளிகள் இருபத்தேழு பேரைக் கூட்டி, அவரவர் தொழில் அனுபவங்களை மனம்விட்டுப் பேசச் செய்தார். அது வளர்ந்து, இன்று ஆண்டுதோறும் சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெருஞ்சபை ஆகியிருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் கூட்டிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியச் சபையை அறிந்த நம் சீமைக்காரர்களுக்கு, ஒரு வீட்டுக் கூடத்திலிருந்து பெரிய காரியம் பிறக்கும் என்பதை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

சபையில் கண்டது

விளையாட்டுத் துறையின் மாநாடு என்றால் கூச்சலும் கும்மாளமுமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு, அங்கே நிலவும் காரிய சிரத்தை முதல் ஆச்சரியம். மணலில் நடக்கும் காலடிக்கும் சருகில் நடக்கும் காலடிக்கும் எவ்வாறு ஒலி அமைப்பது, நிறங்களைப் பிரித்தறிய இயலாத பார்வையுள்ளவர் தோற்றுப்போகாதபடி திரையை எப்படி வகுப்பது, விலை குறைந்த கைப்பேசி சூடேறி நின்றுவிடாமல் ஆட்டத்தை எவ்வளவு இலேசாக்குவது என்பன போன்ற நுட்பங்களை விவாதிப்பவர்கள் இவர்கள். தச்சர்களும் ஸ்தபதிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது உண்டாகும் அந்த நிதானமும் அக்கறையும் இவர்கள் பேச்சில் தொனிக்கின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது, போஸ்ட்மார்ட்டம் என்று இவர்கள் வழங்கும் ஒருவகை உரை. ஒரு கேமை முடித்து வெளியிட்டபின், அதில் எது பலித்தது, எது பொய்த்தது, பணம் எங்கே கரைந்தது, எந்த அபிப்பிராயத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டதால் ஓராண்டு உழைப்பு வீணாயிற்று என்பதையெல்லாம், போட்டியாளர்கள் நிறைந்த சபையில், படைத்தவரே எழுந்து நின்று சொல்வது வழக்கம். சினிமாவிலும் பத்திரிகையிலும் இலக்கியத்திலும் இப்படி ஒரு சம்பிரதாயம் நமக்கு இல்லை. ஏற்பட்டால் மூன்றுமே பிழைத்துப்போகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்றொரு பக்கத்தில் வியாபாரம். சிறு மேஜைகளின் இருபுறமும் இருவர் மூவராக அமர்ந்து, குறித்த நிமிஷங்களுக்குள் தம் கேமைக் காட்டிப் பணம் போடும் பப்ளிஷரின் சம்மதத்தைப் பெறும் முயற்சி. இதன் கணக்கு கேட்டால் மலைப்பாக இருக்கிறது. பப்ளிஷர் முன்பணம் தருவார், கேம் விற்கத் தொடங்கியதும் தம் முதலைப் பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சத்தில்தான் பங்கு. அதற்கும் முன்னதாக, விற்பனைத் தளம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். கணினி கேம்களின் பெரிய சந்தையான ஸ்டீம், விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஒரு கேம் ஒரு கோடி டாலருக்கு மேல் ஈட்டினால் அது 25 சதவீதமாகவும், ஐந்து கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் குறையும். ஆகவே, சலுகை பெரியவர்களுக்கே வாய்க்கிறது. அந்தச் சந்தையில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கேம்கள் வந்து குவிந்தன என்று அறிந்தபோது, ஆலங்குளத்துத் தம்பியை நினைத்து என் மனம் கலங்கிற்று.

┌─────────────────────────
பெட்டிச் செய்தி: இந்தியாவில் கேம் வந்த வழி

• 1997: ராஜேஷ் ராவ் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் ஆதி கேம் நிறுவனங்களுள் ஒன்று. வெளிநாட்டு கேம்களுக்குச் சித்திர வேலை செய்து பெயர் பெற்ற இதை 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் வாங்கியது.

• 2016: நவி மும்பையிலிருந்து லூடோ கிங் வெளியாயிற்று. தாயக்கட்டம் கைப்பேசிக்கு வந்தது. ஊரடங்கு நாட்களில் வீடுதோறும் பரவிற்று.

• 2020: புணேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ், துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்லிவரும் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. அதற்கு மூன்றாண்டு முன் மக்களிடம் நிதி திரட்ட அவர்கள் செய்த முயற்சி பலிக்கவில்லை.


─────────────────────────┘

லேபிள் யாருடையது?

எதிர்வீட்டு அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். இந்தியாவில் கேம் துறையில் உத்தியோகம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ ஒரு பெரிய நிறுவனம் கற்பனை செய்த கேமுக்கு, இங்குள்ளோர் மரங்களையும் வாகனங்களையும் வாளையும் கேடயத்தையும், சில சமயம் ஒரு முழுத் தெருவையும் முப்பரிமாண உருவங்களாகச் செய்து அனுப்புகிற அவுட்சோர்ஸிங் வேலை. எங்கள் ஊர்த் தாய்மார்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, அளவுத் தகட்டை வைத்து இலையை வெட்டி, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, சரியில்லாததைக் கழித்துவிட்டால் அதன் நஷ்டத்தையும் தாங்களே ஏற்று, கட்டுகளைக் கடையில் ஒப்படைத்து வருகிறார்கள். கட்டின்மேல் ஒட்டப்படும் லேபிளோ கம்பெனிக்குரியது. குளிர்சாதன அறையில், விலையுயர்ந்த கணினியின் முன் நடப்பதும் அந்த ஏற்பாடேதான் என்று நந்தம்பாக்கத்தில் அறிந்தபோது என் நெஞ்சு கனத்தது. அளவு அவர்களுடையது, மாதிரி அவர்களுடையது, கழிக்கும் உரிமையும் லேபிளும் அவர்களுடையவை. கைத்திறன் மட்டும் நம்முடையது.

கூலி வேலை இழிவு என்று சொல்லுவதற்கில்லை. பீடித் தட்டை நம்பிப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தாய்மார்கள் இந்தத் தாலுகாவில் அநேகர். அவுட்சோர்ஸிங் வேலை செய்து கற்றுக்கொண்ட ஒழுங்கும் நுட்பமும் இல்லாவிட்டால், இன்று சொந்தமாகக் கேம் செய்ய முனைகிறவர்களில் பலர் அந்த எண்ணத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் பீடித் தொழிலாளருக்கு 2025 நவம்பர் வரை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் என்ற ஒரு கைப்பிடியாவது இருந்தது. பிரான்சைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் நிறுவனம் 2025 பிப்ரவரியில் நொடித்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் திரைப்படத்துக்கும் கேமுக்கும் சித்திர வேலை செய்துவந்த ஏறத்தாழ மூவாயிரம் பேர், தாங்கள் செய்யாத பிழைக்காக, சில நாட்களுக்குள் வேலை இழந்தார்கள். உலகளவில் பார்த்தாலும், 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இத்துறையில் வேலையிழந்தோர் இருபதாயிரத்துக்கு மேல். கொரோனா காலத்தில் வீட்டிலடைந்த ஜனங்கள் ஆடிய ஆட்டத்தை நிரந்தரமென்று நம்பி ஆள் சேர்த்ததும், பின்னர் வட்டி ஏறியதும், முதலீட்டாளர்கள் பின்வாங்கியதும் அதற்குக் காரணங்கள்.

இவற்றோடு, செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அச்சமும் இளைஞர் மனத்தில் இருக்கிறது. கல்லும் மரமும் செடியும் செய்துதான் புதியவர்கள் கை பழகுவார்கள். அந்த முதற்படி வேலையையே இயந்திரம் எடுத்துக்கொண்டால் ஏணியில் ஏறுவது எப்படி என்று, ஓவியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிறர் மாதிரிக்கு உருவம் செய்கிறவரை விலக்குவது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதில் தன் ஊரின் குளத்து மடையை கேமாக நினைத்துப் பார்க்கிறவரை விலக்கிவிட முடியாது என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தோன்றிற்று.

சூதையும் ஆட்டத்தையும் பிரிப்பது

நம் வீடுகளில் கேம் என்றதும் எழும் பீதிக்கு நியாயம் உண்டு. இணைய ரம்மியில் சம்பளத்தையும் நகையையும் தோற்று, கடனாளியாகி, உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அந்தத் துயரத்தின் மேல் எழுந்த சட்டங்களை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். திறமையா, அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நீண்ட வியவகாரத்தை ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடுவது எதுவாயினும் கூடாது என்று 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தீர்த்துவிட்டது. ஆடினவரைத் தண்டிக்காமல், ஆட்டத்தை நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் தண்டிக்க முற்பட்டதும் விவேகமான காரியம்.

┌─────────────────────────
பெட்டிச் செய்தி: சட்டத்தின் பாதை

• 2022: ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில், இணைய ரம்மி பற்றி ஆராயத் தமிழக அரசு குழு அமைத்தது. அவ்வாண்டே சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறிற்று.

• 2023: ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா மார்ச்சில் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. சட்டம் செல்லும் என்ற சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பட்டியலை மட்டும் நவம்பரில் நீக்கிற்று.

• 2025: பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை தடை என்ற தமிழக விதியை ஜூனில் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகஸ்ட் 22-இல் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.
─────────────────────────┘

சூதாட்டக் கம்பெனிகளும் கேம் படைப்பாளர்களும் ஒரே பெயரில் வழங்கப்பட்டுவந்ததால் விளைந்த கேடு சொல்லத் தரமன்று. பெண் பார்க்கப் போன இடத்தில் "கேம் கம்பெனியில் வேலை" என்று சொன்னதும் பேச்சு அறுந்துபோன அனுபவத்தை, சிரிக்காமல் என்னிடம் சொன்ன இளைஞர் உண்டு. கேம் என்ற சொல்லைக் கேட்டதுமே கடன் விண்ணப்பம் தள்ளுபடியானதாகச் சொன்னவரும் உண்டு. புதிய சட்டம் பணம் வைக்காத ஆட்டங்களையும் இ-ஸ்போர்ட்ஸ் என்னும் போட்டி ஆட்டங்களையும் தனியே பிரித்து அங்கீகரிப்பது இவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணம் வைக்காத ஆட்டமும் பிள்ளையை விழுங்கக்கூடும். விளையாட்டு மீறிப்போய் வாழ்க்கையைக் குலைக்கும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே ஆயுதத்துக்கும் ஆடைக்கும் காசு பிடுங்கும் முறையைச் சபையில் சிலர் சாமர்த்தியமென்று பேசினார்கள்; எனக்கு அது ஒப்பவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளையின் ஆசையை அளந்து விலை வைப்பது சூதின் வாசற்படியிலே நிற்கும் காரியம். ஆக்குகிறவர் தம் மனச்சாட்சியை வைக்கவேண்டிய இடம் இது. அதைச் சட்டம் வந்து காட்டவேண்டும் என்று காத்திருப்பது நல்லதன்று.

டொராண்டோவில் ஓர் அடுப்பங்கரை

சொந்த லேபிள் சாத்தியமா என்று கேட்கிறவர்களுக்கு 'வெண்பா' ஒரு பதில். டொராண்டோவில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு ஆக்கி, 2023 ஜூலை இறுதியில் வெளியிட்ட இந்த கேமில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. 1988-இல் கனடாவில் வந்து குடியேறிய வெண்பா என்ற தமிழ்ப் பெண், கணவன் பாவலன், அங்கே பிறந்து வளர்ந்து மெல்ல மெல்லத் தமிழை விட்டு விலகும் மகன் கவின் ஆகிய மூவரே முக்கியப் பாத்திரங்கள். வெண்பாவின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்க, மறைந்துபோன எழுத்துக்களை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். தொடக்கத்தில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று யோசித்து அடுக்கவேண்டும். நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமலே செய்யும் காரியத்தில் இவ்வளவு அறிவு பொதிந்து கிடக்கிறதென்று ஒரு கேம் வந்து நமக்கு உணர்த்துகிறது.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சிறு படைப்புக்கு, 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டின்போது, சுயேச்சைப் படைப்பாளர்களுக்குரிய விழாவில் முதற்பெரும் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே, லண்டனில் பாஃப்டா வழங்கும் கேம் விருதுகளில் முதல் படைப்புக்கான விருதும் வந்தது. தமிழரின் அடுப்பங்கரையைத் தமிழறியாத ஜனங்கள் கொண்டாடினார்கள். இந்தக் கதை ஏன் டொராண்டோவில் பிறந்தது, ஏன் திருநெல்வேலியில் பிறக்கவில்லை என்ற கேள்வி ஊர் திரும்பும் ரயிலில் என்னைத் தூங்க விடவில்லை.

கீழப்பாவூரில் என்ன இருக்கிறது?

கதைக்கும் காட்சிக்கும் இங்கே பஞ்சமில்லை. பதினாறு திருக்கரங்களோடு வீற்றிருக்கும் நரசிம்மர் எங்கள் ஊரில் இருக்கிறார். பறவைகள் வந்து தங்கும் பெரிய குளம் இருக்கிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையின் விடியற்கால ஏலம் இருக்கிறது. ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் இருக்கிறது. ஆடு புலி ஆட்டக் கட்டங்களைக் கோயில் தளத்துக் கல்லிலேயே செதுக்கிவைத்த பரம்பரை நம்முடையது. கருவியின் விலையும் முன்போல் தடையாக இல்லை. கோடோ என்னும் கேம் என்ஜின் 2014 முதல் எல்லோருக்கும் இலவசம். ஸ்டீம் சந்தையில் ஒரு கேமை வைக்க நூறு டாலர் கட்டணம். குறிப்பிட்ட அளவு விற்றால் அதுவும் திரும்ப வரும். இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்க 2000 கோடி ரூபாய் என்று தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

கிராமத்திலிருந்தபடியே உலகத்துக்கு மென்பொருள் செய்யலாம் என்பதற்குத் தென்காசிக்காரர் வேறெங்கும் அத்தாட்சி தேடவேண்டாம். மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் அதைச் செய்துவருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, தொழில் கற்பிக்கும் பள்ளியையும் நடத்துகிறது. கேமுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இங்கே இல்லை. இருக்கும் தனியார் பயிற்சி நிலையங்கள் பலவும் பெருந்தொகை வாங்கிக்கொண்டு அவுட்சோர்ஸிங் வேலைக்கு வேண்டிய ஒரு மென்பொருளைக் கற்றுக்கொடுத்து அனுப்புகின்றன. கதை சொல்லவும், ஆட்ட விதி வகுக்கவும், கணக்குப் பார்க்கவும், ஒப்பந்தத்தை வாசித்து எந்த உரிமையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அறியவும் கற்பிப்பார் இல்லை. என்னைக் கேட்டால், இவற்றுள் கடைசியில் சொன்னதைத்தான் முதலில் கற்பிக்கவேண்டும்.

மொழியும் ஒரு தடை. சபையில் யாவும் ஆங்கிலத்தில் நடந்தன. ஆலங்குளத்துத் தம்பி தன் கேமைப் பற்றி என்னிடம் தமிழில் பேசியபோது அவர் முகத்தில் இருந்த பிரகாசம், பப்ளிஷரின் மேஜை முன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் பாதியாகிவிட்டது. அடுத்த முறை இம்மாநாடு தமிழ்நாட்டில் கூடுமானால், தமிழில் பேசிக் காட்டவும், கூட இருந்து மொழிபெயர்த்து உதவவும் சில மேஜைகளை அரசு ஒதுக்கவேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

அதற்கு முன்பாகவே நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2009 முதல் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் குளோபல் கேம் ஜாம் என்னும் கூட்டுப்பயிற்சி உலகெங்கும் நடைபெறுகிறது. முன்பின் அறிமுகமில்லாதவர்கள் ஓரிடத்தில் கூடி, கொடுக்கப்பட்ட ஒரு பொருளை வைத்து, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் சிறு கேம் ஒன்றை ஆக்கி முடிக்கவேண்டும். கேம் எழுதத் தெரிந்தவர் மட்டுமே வரவேண்டும் என்பதில்லை. படம் வரைகிறவர், பாட்டமைக்கிறவர், கதை சொல்லுகிறவர் எல்லாருக்கும் அங்கே இடமுண்டு. இடமும் மின்சாரமும் இணையமும் உள்ள எந்தக் கல்லூரியும் அதற்குப் பெயர் கொடுக்கலாம். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வட்டாரக் கல்லூரிகளில் ஒன்று முன்வருமானால், கூடுகிற பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை நானும் என் சிநேகிதர்களும் ஏற்றுக்கொள்கிறோம். ஆலங்குளத்துத் தம்பி கற்றுக்கொடுக்க வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்லூரி முதல்வர்கள் இப்பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.